லூபஸ் ட்ரையலில் தங்கையைச் சேர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர் அக்கா
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். தங்கைக்கு 27 வயது. லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய், கிட்னியையும் தொட்டுவிட்டது, பயாப்ஸியில் கிளாஸ் 4, அதாவது கடுமையான பாதிப்பு என்று வந்தது. இப்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோபீனோலேட் மாத்திரை, ஸ்டெராய்டு, எச்.சி.க்யூ. (ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்) மூன்றும் ஓடுகிறது. ஸ்டெராய்டைக் குறைத்தால் யூரினில் புரதம் ஏறுகிறது, கூட்டினால் முகம் வீங்கிப்போகிறது, கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

அவளைப் பார்க்கும் டாக்டர் போன வாரம், ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, புது மருந்து, மாதம் ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவோம், பாதிப் பேருக்கு மருந்து பாதிப் பேருக்கு வெறும் சலைன், யாருக்கு எது என்று எனக்கே தெரியாது, யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்து அனுப்பினார். தமிழில்தான் இருக்கிறது. ஆனால் நாலு பக்கம் தாண்டுவதற்குள் பயம் வந்துவிடுகிறது, பக்க விளைவு என்று அவ்வளவு எழுதியிருக்கிறார்கள்.

அம்மா "என் பொண்ணு என்ன சோதனை எலியா" என்று அழுகிறார். அப்பா "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், கையெழுத்துப் போடு" என்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. என் பெரிய கவலை ஒன்றுதான், சலைன் பக்கம் போய்விட்டால் அவள் கிட்னி கதி என்ன? சேர்ந்தவர்கள், மறுத்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


அயனாவரம் மணி
செவ்வாய், இரவு 10.15

வேண்டாம் அக்கா. 2009, 2010ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆந்திராவில் ஹாஸ்டல் வார்டன்கள் பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெற்றவர்களுக்கு விஷயமே தெரியாது. 2013ல் பாராளுமன்றக் குழுவே அதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆள் வேண்டும், நம்ம ஊரில் கேள்வி கேட்காத ஆள் நிறைய கிடைக்கும். என் தங்கச்சியாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.


சேத்துப்பட்டுக்காரர்
புதன், காலை 6.05

மணி தம்பி, நீங்கள் சொன்னது நடந்ததுதான், மறுப்பதற்கில்லை. அந்த ஆய்வில் இருந்த சில பிள்ளைகள் இறந்தார்கள், ஊசியால்தான் இறந்தார்கள் என்று விசாரணையில் நிரூபணம் ஆகவில்லை என்றாலும், சம்மதம் வாங்கிய லட்சணத்தைக் கேட்டால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. அந்த விவகாரமும், அதே காலத்தில் மருந்து ட்ரையல்கள் பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கும்தான் இன்றைய விதிகள் கடுமையாக வந்ததற்குக் காரணம்.

ஆனால் ஆராய்ச்சி என்றாலே மோசடி என்று கதவைச் சாத்திவிட்டால், நம் ஊர் செய்த ஒரு பெரிய காரியத்தை நாமே மறந்தவர்கள் ஆவோம். 1956ல் இங்கே சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஆரம்பித்தார்கள், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலும் சேர்ந்து. அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. இன்னும் தாம்பரத்துக்கு முந்தின ரயில் நிலையத்துக்கு அதுதானே பெயர். படுக்கை கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். அப்போது நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஏழை ஜனங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தும் இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலேயே விட்டும், இருவருக்கும் அதே மாத்திரைகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் மோசம், ஓய்வும் இல்லை. 1959ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க டி.பி. நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற தைரியம் வந்தது. அந்தக் குலுக்கலில் இருந்த ஏழை ஜனங்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது, ஆனால் அவர்களால் பிழைத்தவர்கள் கோடி.

அம்மா, உங்கள் தங்கையைச் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. பயத்தால் மட்டும் முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.


போரூர் சிஸ்டர்
புதன், பகல் 1.20

நான் நர்ஸ். சில வருடம் க்ளினிக்கல் ட்ரையல் கோஆர்டினேட்டராக இருந்தேன், அதில் ரூமட்டாலஜி, அதாவது மூட்டுவாதம், லூபஸ் மாதிரி நோய்களுக்கான ஆய்வுகள்தான் அதிகம். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் தயக்கமில்லாமல் சொல்லலாம்.

அக்கா, உங்கள் முதல் கேள்விக்கே வருகிறேன். லூபஸ் கிட்னி ஆய்வுகளில் சலைன் பிரிவு என்றால் சிகிச்சையே இல்லாத பிரிவு என்று அர்த்தமில்லை. இப்போது சாப்பிடுகிற மைக்கோபீனோலேட், ஸ்டெராய்டு, எச்.சி.க்யூ. எல்லாம் இரண்டு பிரிவுக்கும் தொடரும், அதற்கு மேலேதான் புது மருந்தோ சலைனோ ஏறும். உங்கள் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். "பின்னணி சிகிச்சை" அல்லது "வழக்கமான சிகிச்சை" என்ற தலைப்பில் இருக்கும். அங்கே மைக்கோபீனோலேட் தொடரும் என்று தெளிவாக இல்லை என்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பேனாவைத் தொடாதீர்கள். அடுத்து ஸ்டெராய்டு. நிறைய ஆய்வுகளில் இத்தனையாவது வாரத்துக்குள் இந்த அளவுக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்று அட்டவணை இருக்கும். உங்கள் தங்கைக்குக் குறைக்கும்போதெல்லாம் புரதம் ஏறுகிறது என்கிறீர்கள், அப்படி ஏறினால் என்ன செய்வார்கள், எந்த அளவு தாண்டினால் ஆய்வு மருந்தை நிறுத்திவிட்டு வேறு சிகிச்சைக்கு மாற்றுவார்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து குடும்பங்கள் பெரும்பாலும் கேட்காமல் விடுகிற கேள்வி இதுதான்.

உள்ளே எப்படி நடக்கும் என்றும் சொல்கிறேன். முதலில் ஸ்க்ரீனிங். டி.பி.க்கு ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., கர்ப்பப் பரிசோதனை, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு. இதில் பாஸானால்தான் சேர்க்கை. டிரிப் ஏற்றும் நாளில் காலையிலேயே வரவேண்டும், எடை, பிபி, யூரின், அப்புறம் ரத்தம் ஏழெட்டு ட்யூப், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற மூடி. எடுத்த நிமிஷத்தை எழுதி, சுழலும் இயந்திரத்தில் போட்டுப் பிரித்து, உலர்ந்த பனிக்கட்டி நிரப்பின தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி கூரியர் பையனிடம் கொடுப்போம், அது வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் லேபுக்குப் போகும். மருந்தைக் கலக்கும் ஃபார்மசிஸ்ட்டுக்கு மட்டும்தான் எது மருந்து எது சலைன் என்று தெரியும். அவர் பையின் மேல் வெளியே தெரியாதபடி உறை போட்டுத்தான் வெளியே தருவார். ஊசி குத்துகிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் டாக்டர் அந்த ரகசியத்தை உடைத்துப் பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

அந்தப் படிவத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் படியுங்கள். கையெழுத்தான பிறகு உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும், அது அவர்களின் கடமை. நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை.


மடிப்பாக்கம் ரகு
புதன், மாலை 5.50

சிஸ்டர் சொன்னதோடு இன்னொன்று. படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களுக்கான அரசுப் பதிவேடு அது, ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது, 2007ல் தொடங்கினார்கள், 2009 ஜூன் 15 முதல் மருந்து ட்ரையல்கள் அங்கே பதிவாவது கட்டாயம். ஆளைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பதிந்திருக்க வேண்டும். எண்ணை அந்தத் தளத்தில் போட்டால் யார் பணம் போடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், எந்தெந்த ஆஸ்பத்திரி, யார் பொறுப்பு டாக்டர், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வந்துவிட்டதா, எல்லாம் பொதுவில் இருக்கும். உங்கள் ஆஸ்பத்திரி பெயரும் டாக்டர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உடனே கேளுங்கள். எத்தனையாவது கட்டம் என்றும் இருக்கும். மூன்றாம் கட்டம் என்றால் ஏற்கெனவே சில நூறு பேருக்காவது கொடுத்துப் பார்த்திருப்பார்கள். முதல் கட்டம் என்றால் கதையே வேறு. 2006ல் லண்டனில் ஒரு முதல் கட்ட ஆய்வில், மூட்டுவாதத்துக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் என்று தயாரான மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு அடுத்தடுத்து ஏற்றி, சில மணி நேரத்தில் ஆறு பேரும் ஐ.சி.யூ.வில். உயிர் பிழைத்தார்கள். அதிலிருந்து புது மருந்தை முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போகிறார்கள்.

அந்தத் தளத்தில் நோயின் பெயரும் தமிழ்நாடும் போட்டுத் தேடினால் இங்கே நடக்கும் மற்ற லூபஸ் ஆய்வுகளும் வரும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.


பெரம்பூர் லதாம்மா
புதன், இரவு 8.30

நான் சேர்ந்தவள். எனக்கு லூபஸ் இல்லை, ஸ்க்ளீரோடெர்மா. தோல் இறுகி, நுரையீரலில் தழும்பு வந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏசி அறையில் உட்கார்ந்தால் விரல் முதலில் வெளுத்து அப்புறம் நீலமாகும், அதனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் மே மாதத்திலும் கையுறை போட்டுக்கொண்டுதான் காத்திருப்பேன், எல்லோரும் பார்ப்பார்கள்.

நுரையீரலுக்கான ஒரு ஆய்வில் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் மூக்கில் க்ளிப் மாட்டி குழாயில் ஊதச் சொல்வார்கள், டெக்னீஷியன் தம்பி "ஊதுங்கம்மா ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று பக்கத்தில் நின்று கத்துவார், சரியாக வரவில்லை என்றால் மறுபடி ஊத வேண்டும். அப்புறம் வராண்டாவில் ஆறு நிமிஷம் நடக்க விடுவார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று அளப்பார்கள், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி.

எனக்கு அதில் கிடைத்த பெரிய நன்மை கவனிப்பு. சாதாரண ஓ.பி.யில் டாக்டரோடு ஐந்து நிமிஷம் பேசுவதே கஷ்டம், ஆய்வில் இருந்தபோது கோஆர்டினேட்டர் பெண் வாராவாரம் போன் செய்து கேட்டது. இருமல் கொஞ்சம் மாறினாலும் வரச் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டில் பெற்ற பிள்ளைகள்கூட அப்படிக் கேட்டதில்லை.

மனசு விட்டுப்போன விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்த அன்றோடு மருந்தும் முடிந்தது. எனக்கு மருந்து பக்கம்தான் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது, மூச்சு வாங்குவதும் ஓரளவு குறைந்திருந்தது, ஆனால் அதைத் தொடர வெளியே வாங்கச் சொன்ன விலையைக் கேட்டு என் மகன் ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். போக்குவரத்துப் பணமும் மாதக்கணக்கில் இழுத்துத்தான் தந்தார்கள். அதனால் அம்மாடி, முடிந்த பிறகு மருந்து தருவார்களா, எத்தனை மாதம், யார் செலவில் என்று இப்போதே கேள். வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்.


ரூமட்டாலஜி மாணவர்
புதன், இரவு 11.45

ட்யூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் இங்கே ரூமட்டாலஜி மேற்படிப்புப் படிக்கிறேன். உங்கள் தங்கையின் ரிப்போர்ட் எதுவும் பார்க்காமல் சேருங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

லூபஸுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்றால், இரண்டு நோயாளிகளுக்கு ஒரே மாதிரி வராது, ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்கு கிட்னி, ஒருவருக்கு மூளை, அதுவும் தானாகவே ஏறி இறங்கும். மருந்தால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று ஒப்பிட ஒரு பிரிவு இல்லாமல் சொல்லவே முடியாது. அமெரிக்காவில் எச்.சி.க்யூ. மாத்திரைக்கு 1955ல் அனுமதி வந்தது. அதற்கப்புறம் லூபஸுக்கென்று அடுத்த புது மருந்து, பெலிமுமாப், 2011ல்தான். நடுவில் அரை நூற்றாண்டு. அந்தப் பெலிமுமாபை நிரூபித்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றில் இந்திய நோயாளிகளும் இருந்தார்கள்.

புது மருந்து கிடைத்தால் குணமாகிவிடும், சலைன் கிடைத்தால் அவ்வளவுதான் என்று நினைக்காதீர்கள், உண்மை நிலவரம் அப்படி இல்லை. பெலிமுமாபை லூபஸ் கிட்னிக்குச் சோதித்த ஆய்வு 2020ல் வெளியானது. 448 பேர், எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. இரண்டு வருட முடிவில் கிட்னி நல்ல நிலைக்கு வந்தவர்கள் மருந்து பக்கம் 43 சதவீதம், சலைன் பக்கம் 32 சதவீதம். வித்தியாசம் நிஜம், அதே சமயம் மருந்து கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேல் அந்த இலக்கை எட்டவில்லை. இன்னொரு உதாரணம் ரிடுக்ஸிமாப். நாங்கள் வார்டில் கடுமையான லூபஸுக்கு அதைக் கொடுக்கிறோம், பலருக்குக் கேட்கவும் செய்கிறது, ஆனால் முறையாக நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அது தோற்றுப்போனது. அனிஃப்ரோலுமாப் என்ற இன்னொரு லூபஸ் மருந்து முதல் பெரிய ஆய்வில் தோற்று, அளவுகோலை மாற்றி நடத்திய அடுத்த ஆய்வில் வென்று, 2021ல் அனுமதி வாங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பழையது, சின்னது. 1991ல் கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 லூபஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எச்.சி.க்யூ.வைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை பக்கம் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. இன்றைக்கு ஓ.பி.யில் ஒரு பெண் "நல்லாத்தானே இருக்கேன், கண்ணு கெட்டுடும்னு சொல்றாங்க, அதை நிறுத்திடட்டுமா டாக்டர்" என்று கேட்கும்போது, நிறுத்தாதே, வருடாவருடம் கண்ணைப் பரிசோதித்துக்கொள் என்று நான் உறுதியாகச் சொல்வது அந்த 47 பேரால்தான்.

எல்லா ஆய்வும் வெளிநாட்டுக் கம்பெனியுடையதும் இல்லை. சண்டிகரில் பி.ஜி.ஐ. என்ற அரசு மருத்துவ நிறுவனத்தில் 100 பேரை வைத்து, விலை மலிவான சைக்ளோபாஸ்பமைடு ஊசியைக் குறைந்த அளவில் கொடுப்பதையும் மைக்கோபீனோலேட் மாத்திரையையும் லூபஸ் கிட்னிக்கு ஒப்பிட்டார்கள். 2016ல் வந்த முடிவு, அந்த ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். மாதாமாதம் மாத்திரைக்குக் காசு கட்ட முடியாத குடும்பத்திடம் பேசும்போது இந்த ஆய்வு எனக்கு எவ்வளவு உதவுகிறது தெரியுமா? நம் நோயாளிகளிடம் நடக்காத ஆய்வின் முடிவை நம் நோயாளிகளுக்கு அப்படியே பொருத்துவதில் எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும்.


அயனாவரம் மணி
வியாழன், காலை 7.30

எல்லோரும் விளக்கமாகச் சொன்னீர்கள், நன்றி. லதாம்மா அனுபவத்தைப் படித்து நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் என் சந்தேகம் இன்னும் போகவில்லை. தங்கச்சிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரே ஆராய்ச்சியையும் நடத்துகிறார். அவரிடம் போய் வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்? அவங்க அப்பா மாதிரி ஆட்கள் டாக்டர் சொல்லைத் தட்டவே மாட்டார்கள். சட்டத்தில் எழுதியிருக்கலாம், எதிரில் உட்கார்ந்து முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அப்புறம், ஏதாவது ஆகிவிட்டால் காசு தருவார்களா, அதையும் சொல்லுங்கள்.


போரூர் சிஸ்டர்
வியாழன், பகல் 2.10

மணி அண்ணா, நீங்கள் கேட்டது ரொம்ப நியாயம். நான் வேலையில் இருந்தபோது இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். டாக்டர் முன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "சிஸ்டர், வேணாம்னு சொன்னா கோச்சுக்குவாரா" என்று கேட்டவர்கள் உண்டு. கோபித்தால் அது டாக்டரின் தப்பு. சேர மறுத்தால் இப்போதைய சிகிச்சை எந்த விதத்திலும் குறையக் கூடாது, அது படிவத்திலேயே இருக்க வேண்டும்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. படிவத்தின் கடைசியில் எத்திக்ஸ் கமிட்டியின் போன் எண் இருக்கும், நோயாளியோ வீட்டாரோ நேராக அழைக்கலாம். அந்தக் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத பொதுஜனம் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள்தான். அப்புறம் இன்னொரு ரூமட்டாலஜிஸ்ட்டிடம் அபிப்பிராயம் கேளுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரூமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட், கடைசியாக எடுத்த யூரின் ரிப்போர்ட்டுகள், படிவம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

காசு விஷயம். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்காக எடுக்கும் பரிசோதனைகளுக்கும் நோயாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. 2019ல் வந்த புது மருந்துகள், ட்ரையல்கள் விதிகளின்படி, ஆய்வு நடக்கும்போது உடம்புக்கு ஏதாவது ஆனால், அது ஆய்வால் வந்ததில்லை என்று நிரூபணம் ஆகும் வரை அல்லது தேவைப்படும் வரை இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும். ஆய்வால்தான் வந்தது என்றால் அதற்கு மேல் நஷ்ட ஈடு. உயிர் போனால் 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் சேர்த்துக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. அக்கா கவலைக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒன்றும் அதே விதிகளில் உண்டு. வழக்கமான சிகிச்சை இருக்கும்போது அதைக் கொடுக்காமல் வெறும் சலைன் பிரிவில் வைத்து, அதனால் பாதிப்பு வந்தால், அதுவும் நஷ்ட ஈட்டுக்கு உரியது. மோசமான பாதிப்பு எது நடந்தாலும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்கும், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுக்கும், கமிட்டிக்கும் தெரிவித்தாக வேண்டும். அதனால் தங்கையை வேறு ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தாலும் முதல் போன் ஆய்வு டாக்டருக்குப் போகட்டும், டிஸ்சார்ஜ் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்.


கொளத்தூர் அக்கா
சனி, இரவு 9.15

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு நானும் தங்கையும் போய் டாக்டரைப் பார்த்தோம். பொறுமையாகவே பதில் சொன்னார். மைக்கோபீனோலேட் இரண்டு பிரிவுக்கும் தொடரும், பக்கம் காட்டினார். சி.டி.ஆர்.ஐ. எண் இருக்கிறது, ரகு சொன்ன மாதிரி போட்டுப் பார்த்தேன், மூன்றாம் கட்டம், ஆஸ்பத்திரி பெயரும் இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்குமே நிஜ மருந்து ஒரு வருடம் தருவார்களாம், அதுவும் காகிதத்தில் இருக்கிறது லதாம்மா.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். ஆய்வு முழுக்கக் கர்ப்பம் கூடாது, கருத்தடை கட்டாயம். அங்கேதான் தங்கை முதல்முறையாக வாயைத் திறந்தாள். "எனக்குக் குழந்தை வேணும் டாக்டர், இவங்க யாரும் அதைக் கேக்கவே இல்லை" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? அப்புறம் இன்னொன்று, ஸ்க்ரீனிங்கில் டி.பி. பரிசோதனையில் ஏதாவது வந்து தகுதி இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த டாக்டர் அதற்கப்புறம் அவளை எப்படிப் பார்ப்பார்?


ரூமட்டாலஜி மாணவர்
ஞாயிறு, காலை 10.20

அக்கா, உங்கள் தங்கை பேசியது ரொம்ப நல்லது, இந்த முடிவு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். மைக்கோபீனோலேட் சாப்பிடும்போதே கர்ப்பம் கூடாது, அது கருவைப் பாதிக்கும். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இது பொருந்தும். குழந்தைக்குத் திட்டமிட்டால், கிட்னி குறைந்தது ஆறு மாதமாவது அமைதியாக இருக்க வேண்டும், கர்ப்பத்துக்கு ஆறு வாரம் முன்னாலாவது மைக்கோபீனோலேட்டை நிறுத்தி அசதயோபிரின் மாதிரி பாதுகாப்பான மாத்திரைக்கு மாற்றி, அதிலும் நோய் கிளம்பாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். எச்.சி.க்யூ. கர்ப்பத்திலும் தொடரும். ஆன்டி ரோ என்ற ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று ஃபைலில் தேடுங்கள், அது பாசிட்டிவாக இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கர்ப்பத்திலேயே கவனிக்க வேண்டி வரும். இப்போது புரதம் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் எப்படியும் உடனே குழந்தைக்குப் போக முடியாது. ஆய்வு எத்தனை மாதம், விலகினால் எத்தனை மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம், இந்த இரண்டையும் அவர் வயதோடு வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளையையும் அடுத்த முறை கூட அழைத்துப் போங்கள், கருத்தடை பற்றிப் பேசும்போது அவர் இல்லாமல் எப்படி?


போரூர் சிஸ்டர்
ஞாயிறு, பகல் 12.05

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஸ்க்ரீனிங்கில் தகுதி இல்லை என்று வருவது ரொம்ப சகஜம், அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் டி.பி. பலருக்கு உண்டு, பரிசோதனையில் தெரிந்தால் அதற்கு மாத்திரை ஆரம்பித்து, சில ஆய்வுகளில் குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி ஸ்க்ரீனிங் செய்வார்கள். சேர முடியாமல் போனாலும் ஸ்டெராய்டு சாப்பிடுகிற உடம்புக்கு அந்தத் தகவல் தெரிந்தது நல்லதுதான். பழையபடி அதே டாக்டரிடம் அதே ஓ.பி. சீட்டில் சிகிச்சை தொடரும். ஸ்க்ரீனிங் ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சிலர் தானாகத் தர மாட்டார்கள், கேட்டால் தருவார்கள். அப்புறம் ஸ்க்ரீனிங்குக்குப் போகும் அன்று காலை மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று முந்தின நாளே கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.